சில்க் போர்டில் மட்டும் கல்லாகும் பெடல்

பெங்களூர் விவேக்நகரிலிருந்து என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தபோது அந்த வண்டி ஏற்கெனவே இரண்டு ஷெட் பார்த்துவிட்டது. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர், 9 வருஷம், 84,000 கிலோமீட்டர். ஓட்டுபவர் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு அக்கா. வாரத்தில் ஆறு நாள் மடிவாளா, சில்க் போர்டு, அப்புறம் மேம்பாலம். திரும்பி வரும்போதும் அதே வழிதான்.

"தம்பி, காலைல எடுக்கும்போது பிரேக்கு பூ மாதிரி இருக்கு. சாயங்காலம் சில்க் போர்டு கிட்ட வந்தா கல்லாயிடுது. மேம்பாலத்துல ஒண்ணுமே இல்ல. கீழ இறங்கி நெரிசல்ல மாட்டினா ஆரம்பிச்சிடும். போன வாரம் ஒரு ஆட்டோ பின்னாடி தட்டிட்டேன். ரெண்டு காலையும் வெச்சு அழுத்தினேன் தம்பி, நிக்கல."

இதை நான் அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன். நோய் எது என்பது அந்தப் பேச்சிலேயே முக்கால்வாசி இருந்தது. அது எனக்குப் புரிய நாலு நாள் ஆனது.

முதல் ஷெட்டில் முன் பேடுகளை மாற்றியிருந்தார்கள். ஒரு வாரத்தில் அதே புகார். இரண்டாவது ஷெட்டில் காலின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரையே கழற்றிப் புதிது போட்டு, பிரேக் ஆயிலும் மாற்றிக் காற்று எடுத்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. பழைய பூஸ்டரைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருந்தார் அக்கா. நல்ல பழக்கம். கழற்றின சாமானை வாங்கி வைத்துக்கொள்வது வண்டிக்காரரின் உரிமை. பின்னால் அது எனக்கும் உதவியது.

பெடல் கல்லாக இருப்பதும் பெடல் பஞ்சாக இருப்பதும் வேறு வேறு நோய். இரண்டையும் "பிரேக் பிடிக்கல" என்ற ஒரே சொல்லில் சொல்வதால்தான் பாதி வண்டிகளில் தப்பான சாமான் மாறுகிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி உள்ளே போனால் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும்: லைனில் காற்று, மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர், கொதித்துப்போன ஆயில். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் குடித்துவிட்டால் அந்த அளவு 140 வரை இறங்க இடம் உண்டு. சூட்டில் வரும் பிரேக் புகார் என்றதும் பலருக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆயில் கொதித்தால் பெடல் தொளதொளவென்று போகும், கல்லாகாது. கல்லானால் முதலில் காற்றுப் பக்கம், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடமான வேக்கம் பக்கம் பார்க்க வேண்டும்.

பூஸ்டர் என்பது பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்புத் தகர உருண்டை. உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம் அதை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. எஞ்சின் ஓடும்போது இரண்டு அறையிலும் வேக்கம். பெடலை மிதித்ததும் நம் கால் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. எதிர் அறையில் வேக்கம் அப்படியே இருப்பதால், காற்று டயஃப்ரத்தைத் தள்ளுகிறது. 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயஃப்ரம் என்றால் பரப்பு சுமார் 415 சதுர சென்டிமீட்டர். மீட்டரில் 16 அங்குல வேக்கம் (பாதரச அங்குலக் கணக்கு) இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் ஏறக்குறைய 230 கிலோ தள்ளு. அதே டயஃப்ரத்துக்கு 5 அங்குலம்தான் கிடைத்தது என்றால் 70 கிலோ. மீதியை ஓட்டுபவரின் கால்தான் கொடுக்க வேண்டும். அந்த அக்கா ரெண்டு காலையும் வைத்து அழுத்தியும் நிற்காததற்கு இதுதான் கணக்கு.

சரி, வண்டி கைக்கு வந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, வழக்கமான மூன்று சோதனையும் செய்தேன். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம்.

எஞ்சினை ஆஃப் செய்துவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்தேன். உள்ளே சேர்ந்திருந்த வேக்கம் தீர்ந்து பெடல் இறுகியது. அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். கால் தானாக ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பூஸ்டருக்கு வேக்கம் வருகிறது, பூஸ்டர் வேலை செய்கிறது. அடுத்து இரண்டு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் செய்து, நிறுத்தி நிறுத்தி மிதித்தேன். முதல் மிதி ஆழமாகவும், இரண்டாவது கொஞ்சம் மேலேயும், மூன்றாவது இன்னும் மேலேயும் நின்றது. காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வேக்கத்தைப் பிடித்து வைக்கிறது. கடைசியாக, ஓடும் எஞ்சினில் பெடலை அழுத்திப் பிடித்தபடி ஆஃப் செய்து முப்பது விநாடி காத்திருந்தேன். கால் எழும்பவில்லை. டயஃப்ரத்தில் ஓட்டை இல்லை.

மூன்றிலும் பாஸ்.

வேக்கம் மீட்டரை மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில், மாட்டினேன். ஐட்லிங்கில் 16. ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த பையன், சென்னையில் தொழில் படித்தவன், "அண்ணா, 18-க்குக் கீழ இருக்கே, எஞ்சின் வீக்கா?" என்றான். நியாயமான கேள்விதான். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 18 முதல் 21 வரை காட்டும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையில் காற்றின் எடையே 30 அங்குலம். இங்கே 27 அங்குலம்தான். எஞ்சினுக்குள் நடப்பது அதேதான், ஆனால் வெளிக்காற்று மெலிந்துவிட்டதால் மீட்டர் மூன்று அங்குலம் குறைத்துக் காட்டும். பெங்களூரில் 15 முதல் 18 வரை ஆரோக்கியம். இது தெரியாமல் இங்கே நல்ல எஞ்சின்களில் வால்வு செட்டிங், டைமிங் என்று கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு இன்னொன்று: வெளிக்காற்று மெலிவு என்றால் இந்த ஊரில் பூஸ்டரின் தள்ளும் சென்னையை விடக் கொஞ்சம் குறைவு. அங்கே தாக்குப்பிடிக்கும் சின்னக் குறை இங்கே சீக்கிரம் காலுக்குத் தெரிந்துவிடும்.

அதன்பின் நான் செய்த காரியத்தில் இரண்டு நாள் போனது. வேக்கம் பக்கம் மூன்று சோதனையும் பாஸ் ஆனதால், பேட், அதை அழுத்தும் காலிப்பர் பக்கம் திரும்பினேன். வீலைக் கழற்றினேன். புதுப் பேடுகளின் முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. காலிப்பர் பின்களில் ஒன்று கிரீஸ் காய்ந்து இறுக்கமாக நகர்ந்தது. பேடை உப்புத்தாளில் தேய்த்து, பின்னைச் சுத்தம் செய்து, சரியான கிரீஸ் வைத்துப் பூட்டினேன். பிரேக் நன்றாகவே பிடித்தது. ஆனால் அது காலையிலும் நன்றாகத்தான் பிடித்தது. அன்று சாயங்காலம் அக்கா ஓட்டிப் போய்விட்டு மடிவாளாவிலிருந்தே போன் செய்தார். "தம்பி, அதேதான்."

அந்தப் போனில் இன்னொன்றும் கேட்டேன். இறுகும்போது என்ன செய்கிறீர்கள் அக்கா என்றேன். "டிரைவிங் ஸ்கூல்ல சொன்ன மாதிரி பம்ப் பண்றேன், இன்னும் மோசமாகுது" என்றார். இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். பெடல் பஞ்சாகி உள்ளே போனால் பம்ப் செய்வது உதவும். பெடல் கல்லானால் பம்ப் செய்யவே கூடாது. ஒவ்வொரு மிதியும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கத்தைச் செலவழிக்கிறது. ஒரே மிதி, விடாமல், உடம்பு பலம் முழுக்க. கூடவே கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாகத் தூக்க வேண்டும். வண்டியின் பிரேக் போய்விடவில்லை, உதவிதான் போயிருக்கிறது. நந்தி மலையிலிருந்து பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்: மூன்று மிதி வரைக்கும்தான் பூஸ்டர், அதற்குப் பிறகு வெறும் கால்.

அன்று இரவு நோட்டைத் திரும்பப் படித்தேன். காலையில் நன்றாக இருக்கிறது, மேம்பாலத்தில் நன்றாக இருக்கிறது, நெரிசலில் மட்டும் இறுகுகிறது. நெரிசலில் என்ன வேறு? இரண்டு விஷயம். எஞ்சின் அறைக்குள் காற்று ஓடாமல் சூடு ஏறுகிறது. நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை மிதிக்க வேண்டியிருக்கிறது. மேம்பாலத்தில் பத்து கிலோமீட்டருக்கு இரண்டு மிதி மிதித்தால் பெரிய விஷயம். அப்படியென்றால் வேக்கம் வராமல் இல்லை. செலவாகும் வேகத்துக்கு ஈடாக வரவில்லை, அதுவும் சூட்டில் மட்டும்.

நான் அதுவரை வண்டியை ஆறின நிலையிலேயே சோதித்திருந்தேன். ஒரு தடவை இருபது நிமிஷம் ஸ்லோவில் ஓட விட்டுப் பார்த்தேன்தான், ஆனால் பானெட்டைத் திறந்து வைத்து. சூடெல்லாம் மேலே போய்விட்டது. ஷெட்டில் நாம் எல்லாருமே பானெட்டைத் திறந்துதான் பார்க்கிறோம். சூட்டில் மட்டும் வரும் கோளாறு அதனாலேயே ஷெட்டில் வராது.

மறுநாள் மதியம் இரண்டு வேக்கம் மீட்டர் எடுத்தேன். ஒன்றை மேனிஃபோல்டு முனையிலும், இன்னொன்றை பூஸ்டர் முனையிலும் 'T' வடிவ இணைப்பு போட்டு மாட்டினேன். நடுவில் இருப்பது வேக்கம் ஹோஸ் மட்டும். இரண்டு மீட்டரின் மெல்லிய குழாய்களையும் வைப்பருக்குக் கீழ் இருக்கும் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, டாஷ்போர்டில் பிளாஸ்டர் ஒட்டி நிறுத்தினேன். பானெட்டை இறுக்கி மூடினேன். ஏ.சி.யை முழுக்கப் போட்டேன். ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். பையன் பக்கத்து சீட்டில், கையில் நோட்டோடு.

மடிவாளா மார்க்கெட் தாண்டும் வரை இரண்டு முள்ளும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகவே ஆடின. ஏ.சி. லோடில் 14, 14. மிதித்தால் பூஸ்டர் முள் மூன்று கோடு இறங்கி, "ஒண்ணு, ரெண்டு" சொல்வதற்குள் மேலே வந்தது. சில்க் போர்டு சிக்னலுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் நெரிசல் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஊர்ந்தோம். பையன்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணா, இந்த முள்ளு லேட்டா வருது."

மேனிஃபோல்டு 14-லேயே நின்றது. பூஸ்டர் முள் ஒவ்வொரு மிதிக்கும் கீழே போனது, பாதி தூரமே ஏறியது, அதற்குள் அடுத்த மிதி. 11, 9, 7. என் காலுக்குக் கீழே பெடல் இறுகுவதை அப்போது உணர்ந்தேன். அக்கா சொன்ன கல் அதுதான். மூன்று மிதி அடுத்தடுத்து மிதித்தேன். 5. பத்து விநாடி காத்திருந்தும் 8-க்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் 14, இந்தப் பக்கம் 5. நடுவில் ஒரு முழம் ரப்பர்.

எப்படியோ ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தேன். சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னால் வளைந்து போகும் இடத்தில் ஹோஸ் தட்டையாக, காற்று போன சைக்கிள் டியூப் மாதிரி உள்வாங்கி ஒட்டிக் கிடந்தது. மொபைல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, "ஆஃப் பண்ணு" என்று பையனிடம் சொன்னேன். எஞ்சின் நின்றதும் ஹோஸ் "ப்ஸ்" என்று மூச்சு விட்டு, கண்ணெதிரே உருண்டையாகிவிட்டது. அந்த ஒரு விநாடி பார்க்காவிட்டால் அந்த ஹோஸைக் குறை சொல்ல யாராலும் முடியாது. இரண்டு ஷெட்காரர்களும், மூன்று நாள் நானும் பார்த்தது இந்த உருண்டையான, வெடிப்பில்லாத, பளபளப்பான ஹோஸைத்தான்.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினேன். நெடுக்காகப் பிளேடால் கீறினேன். உள்சுவர் உப்பிப்போய், கை வைத்தால் தார் மாதிரி ஒட்டியது. 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய துளை, வளைவில் பென்சில் முனை நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெளிப்பக்கம் அழிந்துபோன எழுத்தைத் துணியால் துடைத்துப் படித்தபோது தெரிந்தது, அது வேக்கம் ஹோஸே இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஹீட்டருக்குப் போகும் ஹோஸ். அந்த வகை ரப்பர் சூடான கூலன்டை வருஷக்கணக்கில் தாங்கும், ஆனால் எண்ணெய், பெட்ரோல் ஆவி பட்டால் ஊறிவிடும். மேனிஃபோல்டில் அந்த இரண்டு ஆவியும் எப்போதும் இருக்கும். கூலன்ட் ஹோஸ் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. வேக்கம் ஹோஸ் வெளியிலிருந்து வரும் அழுத்தத்தில் சப்பிப்போகாமல் இருக்கச் செய்தது. கடைக்குப் போனால் இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே தடிமன் மாதிரிதான் தெரியும். பிரேக் வேக்கம் ஹோஸ் என்றால் எஸ்.ஏ.இ. ஜே1403 என்ற தரக்குறி மேலே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அக்காவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணரை வருஷம் முன்னாடி எலி கடிச்சுடுச்சு தம்பி. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நிறுத்துறோம்ல. எஞ்சின் ஒரே நடுக்கம். ரோட்டோரத்துல ஒருத்தர் பைப் மாத்திக் கொடுத்தார், நடுக்கம் நின்னுடுச்சு." அவருக்கு அது எஞ்சின் ரிப்பேர். பிரேக்கோடு அதை யார் முடிச்சுப் போடுவார்கள்? மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் ஓட்டையானால் எஞ்சினும் நடுங்கும். அதனால் நடுக்கம் நின்றதும் வேலை முடிந்தது என்று இருவருமே நினைத்துவிட்டார்கள். கம்பெனி ஹோஸை ஹெட்டிலிருந்து தள்ளிப் பிடித்து வைக்கும் ஒரு கிளிப்பும் அப்போதே தொலைந்திருந்தது. அதனால் மாற்றுக் குழாய் சூடான பக்கத்தில் போய்ச் சாய்ந்திருந்தது. சூடு, ஆவி, வளைவு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

ஜே.சி.ரோட்டில் அந்த மாடலுக்கான ஹோஸ் அன்றே கிடைக்கவில்லை. இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கையில் வேறு நல்ல வேக்கம் ஹோஸ் இருந்தது, வளைத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த இடத்து வளைவுக்கு அச்சில் வார்த்த ஹோஸ்தான் மடங்காமல் உட்காரும். அக்காவை இரண்டு நாள் பஸ்ஸில் போகச் சொன்னேன். முகம் வாடினாலும் சரி என்றார். ஹோஸும் கிளிப்பும் இரண்டு கிளாம்பும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். பூஸ்டர் பக்கமிருந்து எஞ்சின் பக்கம் காற்று போனது, எதிர்ப்பக்கம் போகவில்லை. நல்ல வால்வு, அதையே போட்டேன். வால்வு உட்காரும் ரப்பர் குரோமெட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவாமல் தண்ணீர் தொட்டுத்தான் அழுத்தினேன். எண்ணெய் பட்டு ரப்பர் ஊறின கதையைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் மறுபடியும் அதே ரோடு, அதே ஐந்தரை மணி, ஏ.சி. முழுக்க, பானெட் மூடி, இரண்டு மீட்டரும் டாஷ்போர்டில். சில்க் போர்டில் இருபத்தைந்து நிமிஷம் ஊர்ந்தோம். மூன்று மிதி அடுத்தடுத்து: பூஸ்டர் முள் 10-க்கு இறங்கி, இரண்டு விநாடியில் 14. இன்னொரு மூன்று மிதி. மறுபடியும் 14. பையன் நோட்டில் எட்டுத் தடவை 14 எழுதிவிட்டு, "போதுமாண்ணா?" என்றான். சிக்னல் தாண்டும் வரை எழுதச் சொன்னேன்.

டிக்கியில் கிடந்த பழைய பூஸ்டர் பாக்கி இருந்தது. அக்கா முன்னாலேயே அதை மேஜையில் வைத்து, கைப்பம்பால் 18 அங்குலம் ஏற்றினேன். டீ வாங்கி வரச் சொல்லி, குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தோம். முள் 18-லேயே நின்றது. அக்கா டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார். நல்லாத்தான் இருந்தது அக்கா என்றேன். பில்லில் ஹோஸ், கிளிப், கிளாம்ப், ஒரு நாள் கூலி மட்டும் எழுதினேன். பேடையும் பின்னையும் நான் தேவையில்லாமல் கழற்றிய அந்த இரண்டு நாளுக்கு எதுவும் எழுதவில்லை.